முடிபு ஒத்தலும் விகற்பமும்: ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ மறுவாக்கம் குறித்த விளையாட்டாளர் கருத்துகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1997ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டசி 7’, பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளுள் செவ்வியல் தகுதி பெற்றுவிட்ட ஒன்றாகும். மூன்று குறுந்தட்டுகளில் அடங்கிய அவ்விளையாட்டின் கதையை, 2003ஆம் ஆண்டு இணைப்பிற்குப் பின் ஸ்குவேர் எனிக்ஸ் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனமே, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ‘ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக்’ என்னும் பெயரில் மீண்டும் சொல்லத் தொடங்கியது. முதல் மூன்று நாள்களில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் போயின. ஆனால் அதனை ஆடி முடித்தோரின் கருத்துகள் ஒருமுகமாக அமையவில்லை. ஒரு சாரார் அதனைத் துணிவான படைப்பு எனப் போற்றினர். மற்றொரு சாரார் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தனர். இவ்விரு சாராரும் ஒரே காட்சிகளைச் சுட்டியே பேசினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்து மோதலைப் ‘பழைமை ஏக்கம்’ என்ற சொல்லால் விளக்கிவிடுவது எளிது. இளமையில் ஆடியதை எவரும் மாற்ற விரும்பார் என்று கூறி முடித்துவிடலாம். அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. விளையாட்டாளர்கள் எழுப்பியது ஓர் இலக்கியச் சிக்கல்; நம் இலக்கண நூலார் முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தபோது எதிர்கொண்ட சிக்கலுக்கு அது மிக அணுக்கமானது.

கதையும் அதன் நடுவில் உள்ள இறப்பும்

இவ்வகை விளையாட்டில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில செய்திகள் கூற வேண்டியுள்ளது. ஆடுபவர் ஒரு கதைமாந்தர் குழுவை நடத்திச் செல்கிறார், உரையாடல்களைப் படிக்கிறார், போர்களில் கட்டளையிடுகிறார், மாந்தர்களின் ஆற்றலைப் படிப்படியாக வளர்க்கிறார். இவ்வாறு நாற்பது ஐம்பது மணி நேரம் கழிகின்றது. ஒரு நீண்ட நாவலைப் படிக்கும் உழைப்பிற்கு இது குறைந்ததன்று.

மித்கார் என்பது தட்டு தட்டாக அமைந்த ஒரு பெருநகர். மேல்தட்டில் வசதியுடையோரும் அதன் நிழலில் ஏழைகளும் வாழ்கின்றனர். ஷின்ரா என்னும் நிறுவனம் கோளின் உயிரோட்டத்தையே ‘மாக்கோ’ என்ற ஆற்றலாக உறிஞ்சி விற்கிறது. அதனை எதிர்க்கும் சிறு குழுவில் கூலிக்குச் சேர்கிறான் கிளவுட் என்னும் வீரன். பூ விற்கும் ஏரித் என்ற பெண்ணை அவன் சந்திக்கிறான். பின்னர் நகரைவிட்டு வெளியேறி, செஃபிரோத் என்பவனைத் தேடி உலகெங்கும் அலைகின்றனர். முதல் குறுந்தட்டின் இறுதியில், கோளைக் காக்க வேண்டிக்கொண்டிருக்கும் ஏரித்தைச் செஃபிரோத் வாளால் குத்திக் கொல்கிறான்.

இவ்விறப்பைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஈண்டு ஒரே ஒரு கூற்றைச் சுட்டுதல் போதும். போரில் வீழ்ந்த மாந்தரை எழுப்புவதற்கென ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்ற பொருள் அவ்விளையாட்டில் உண்டு. ஆடுபவர் அதனைப் பலமுறை பயன்படுத்தியிருப்பார். ஏரித்துக்கு அது உதவாது. அவளை வளர்க்கச் செலவிட்ட உழைப்பு அனைத்தும் அவளோடு போகிறது. அவள் இறந்தவுடன் வரும் போரின்போதும் போர் இசை ஒலிப்பதில்லை. நொபுவோ உவேமாத்சு அவளுக்காக அமைத்த இசையே தொடர்கிறது. பின்பு கிளவுட் அவள் உடலை ஏந்திச் சென்று நீரில் விடுகிறான். விதிகளால் இயங்கும் ஒரு விளையாட்டில், எந்த விதியாலும் மீட்க முடியாத இழப்பு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அவளை மீட்க ஏதோ மறைவழி இருக்கிறது என்ற வதந்தி பல்லாண்டுகள் உலவியது, பலர் தேடினர். அவ்வழி இல்லை என்பதுதான் அப்படைப்பின் பொருள்.

முதனூல் எது?

மறுவாக்கத்தைக் குறைகூறுவோர் ‘மூலத்தில் இப்படி இல்லை’ என்பர். மூலம் என்பது எது என்ற வினா இவ்விடத்தில் எழுதல் இயல்பு. சுவடிப் பதிப்பு பற்றி அறிந்த நமக்கு இவ்வினா புதிதன்று.

1997 ஜனவரியில் ஜப்பானியர் ஆடிய வடிவம் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில் வட அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தில் புதிய எதிரிகளும், கிளவுட்டின் கடந்த காலத்தை விளக்கும் கூடுதல் காட்சியும் சேர்க்கப்பட்டன. அச்சேர்க்கைகளை உள்ளடக்கிய ‘இன்டர்நேஷனல்’ பதிப்பு அக்டோபரில் ஜப்பானுக்குத் திரும்பி வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்போ பிழைகள் மலிந்தது. அதன் இலக்கணப் பிழைத் தொடர்கள் சில இன்றளவும் நகைச்சுவையாக எடுத்துக்காட்டப்படுகின்றன. ஏரித்தின் பெயரே அதில் ‘ஏரிஸ்’ என்றுதான் இருந்தது. பின்வந்த படைப்புகள் ‘ஏரித்’ எனத் திருத்திய பின்னரும், ஆங்கிலத்தில் ஆடி வளர்ந்த ஒரு தலைமுறையினர் ‘ஏரிஸ்’ என்ற பாடத்தையே கைவிடாது வழங்கி வந்தனர். ஆக, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோர் ‘மூலம்’ என்று போற்றுவது ஒரு வழிநூலையே. அதுவும் அவசரத்தில் எழுந்த மொழிபெயர்ப்பையே. மேலும், 1997ஆம் ஆண்டு வடிவத்தில் முதன்மை மாந்தர்களுக்கு ஆடுபவர் தாம் விரும்பிய பெயரை இட்டுக்கொள்ளலாம். குரல் இல்லை, எழுத்தில் மட்டுமே உரையாடல். ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஒரு குரலைக் கேட்டனர். மறுவாக்கத்தில் நடிகர்களின் குரல் வந்தது. பெயரிடும் உரிமை போயிற்று. எந்தக் குரலும் சிலருக்குப் பொருந்தாமற்போவது தவிர்க்க இயலாதது.

இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும், எல்லா வடிவங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. ஏரித் இறக்கிறாள்; உடல் நீரில் விடப்படுகிறது. விளையாட்டாளர் மனத்தில் மூலம் என நிலைபெற்றது சொற்களோ உருவங்களோ அல்ல. கதையின் முடிபே மூலமாக நின்றது.

விரித்தல்

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும். இவை அறிவுநூல்களைக் கருதிக் கூறப்பட்டவை. கதைக்குப் பொருத்துவது சற்று உரிமை எடுத்துக்கொள்வதே. ஆயினும் கம்பர் காவியத்தை இவ்வழியில் நோக்கிப் பழகியவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

மறுவாக்கம் மிகுதியும் விரித்தலே. மூலத்தில் ஒரு சில மணி நேரங்களில் கடந்துவிடும் மித்கார் பகுதி மட்டும் ஈண்டுப் பதினெட்டு இயல்களாக, முப்பது மணி நேரத்திற்கும் மேலாக விரிந்துள்ளது. பெட்டியின் மேல் ‘முதற்பகுதி’ என்ற குறிப்பு இல்லாமை பலரது சினத்திற்கு ஆளானது. முழுக் கதையையும் அறிய மூன்று முறை முழுவிலை தர வேண்டும் என்பது நியாயமான முறையீடே. ஆனால் அது வணிகம் பற்றியது, திறனாய்வுக்கு உரியதன்று.

விரித்தலின் தரம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. சிறந்த எடுத்துக்காட்டு ஜெஸ்ஸி. மூலத்தில் எதிர்ப்புக் குழுவின் துணைமாந்தர்களான பிக்ஸ், வெட்ஜ், ஜெஸ்ஸி மூவரும் சில வரிகளே பேசி மடிவர். மறுவாக்கத்தின் நான்காம் இயலில் ஜெஸ்ஸியின் பெற்றோர் இல்லத்திற்கே நாம் செல்கிறோம். தந்தை ஷின்ராவில் பணிபுரிந்து மாக்கோ நஞ்சால் நினைவிழந்து கிடக்கிறார்; தாயோ மகளின் நண்பர்களுக்கு உணவு சமைக்கிறார். ஜெஸ்ஸி ஏன் வெடிகுண்டு செய்கிறாள் என்பது ஒரு சொற்பொழிவும் இன்றி விளங்கிவிடுகிறது. மூலத்தை நேசித்தோர், புதிதாக வந்தோர் ஆகிய இரு சாராரும் ஒருமித்துப் பாராட்டிய பகுதிகளுள் இது ஒன்று. மாறாக, பூனை தேடுவது போன்ற சில்லறைப் பணிகளும், குறுகிய இடுக்குகளில் மெல்ல நுழைந்து செல்லும் நடைகளும், பதினேழாம் இயலின் ஆய்வுக்கூடச் சுற்றல்களும் பக்கத்தை நிரப்பும் எழுத்துப் போன்றவை. அவற்றைப் பாதுகாத்துப் பேசியவர் மிகச் சிலரே.

போர்முறை குறித்த பூசல் பெரிதாகப் பேசப்பட்டது. எனினும் நீளப் பேசத் தக்கதன்று. மூலத்தில் காலமானி நிரம்பியதும் கட்டளை இடப்படும். புதியதில் ஆடுபவர் தாமே வாள் வீசி மானியை நிரப்ப வேண்டும். கட்டளைப் பட்டியைத் திறந்தால் காலம் மெதுவாகும். சிந்தித்து ஆடும் மரபு அழிந்தது என்றனர் சிலர். பழைய முறையை விரும்புவோர்க்கென வைக்கப்பட்ட ‘கிளாசிக்’ முறை தொடக்கத்தில் எளிய நிலையில் மட்டுமே கிடைத்தது என்பது உண்மைக் குறையே. 2021ஆம் ஆண்டின் ‘இன்டர்கிரேட்’ பதிப்பு அதனைச் சரிசெய்தது. பழைய முறையின் எண்ணலும் புதிய முறையின் விரைவும் இதில் பெரிதும் இணைந்துள்ளன என்றே கூறலாம்.

விகற்பம்: குற்றவுணர்வு குறைதல்

விரித்தல் எங்கே விகற்பமாக மாறுகிறதோ அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகின்றது. முதற்காட்சியிலேயே ஒரு மாற்றம் உள்ளது. மூலத்தில் எதிர்ப்புக் குழுவினர் வைத்த குண்டு மாக்கோ உலையைத் தகர்க்கிறது. அப்பாவி மக்கள் இறக்கின்றனர். பொறுப்பு அக்குழுவினருடையது, ஆகவே அவர்களை நடத்திச் சென்ற ஆடுபவருடையதும் ஆகும். மறுவாக்கத்தில் அக்குண்டு போதுமான சேதத்தை விளைவிப்பதில்லை. ஷின்ரா தலைவர் தம் இயந்திரங்களைக் கொண்டே உலையைத் தகர்த்துப் பழியை எதிர்ப்பாளர்மீது போடுகிறார். ஆடுபவருக்கு இது தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. தன் குண்டு ஏன் இவ்வளவு வலிமையாயிற்று என்று அவள் வருந்துவது நல்ல நாடகம். ஆனால் அவள் வருந்தும் அதே வேளையில் நாம் பழியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிடுகிறோம்.

ஏழாம் வட்டாரத்தின் மேல்தட்டு இடிந்து விழும் பகுதியிலும் இதே போக்குக் காணப்பெறுகின்றது. மூலத்தில் அடித்தட்டு மக்கள் தப்ப வழியின்றி நசுங்கினர். மறுவாக்கத்தில் அவர்களுள் பலர் முன்னரே வெளியேற்றப்படுகின்றனர். ‘துயரம் நீர்த்துவிட்டது’ என்று விளையாட்டாளர் பலர் கூறியது ஏக்கத்தால் எழுந்த சொல் அன்று. அது காட்சிகளை ஒப்பிட்டு வந்த முடிவு. இப்பாத்திரங்களைப் படைத்தவர்கள் அவர்கள்மீது கொண்ட பரிவு இருபத்து மூன்று ஆண்டுகளில் கூடிவிட்டது போலும்.

விதியின் காவலர்கள்

நன்னூலார் வழிநூலுக்குக் கூறும் இலக்கணத்தில் மூன்று கூறுகள் உள்ளன. முதனூலின் முடிபோடு ஒத்திருத்தல், பின்னவன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளல், மரபு அழியாதிருத்தல் என்பன அவை. சார்புநூலோ ஒரு பகுதியில் மட்டும் ஒத்துப் பிறவற்றில் வேறுபடுவது. கம்பர் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கச் செய்தது விகற்பம்; முடிபோ மாறவில்லை. ஆதலின் அது வழிநூலாக நிற்கிறது. மறுவாக்கம் எதனைச் சார்ந்தது?

படைப்பாளிகள் இவ்வினாவைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டனர். சாம்பல் நிற முக்காடிட்ட ஆவிகள் பல மறுவாக்கத்தில் தோன்றுகின்றன. கதை மூலத்தினின்று விலகும்போதெல்லாம் அவை புகுந்து பழைய தடத்திற்குத் திருப்புகின்றன. இரண்டாம் தாக்குதலுக்குக் கிளவுட்டை அழைக்காமல் விட்டுவிடக் குழு எண்ணுகிறது. மூலப்படி அவன் போக வேண்டும். உடனே அவ்வாவிகள் தாக்க, ஜெஸ்ஸியின் கால் அடிபடுகிறது; கிளவுட் போக நேர்கிறது. சாகக்கூடாத நேரத்தில் குத்துப்பட்ட பாரெட்டை அவையே உயிர்ப்பிக்கின்றன. அவை விதியின் காவலர்கள் என ரெட் 13 விளக்குகிறது. மூலத்தை மனப்பாடமாக அறிந்த, மாற்றத்தைப் பொறுக்காத விளையாட்டாளரே அவ்வாவிகள் என்று பலரும் பொருள் கொண்டனர். அப்பொருள்கோள் தவறு எனக் கூறச் சான்றில்லை.

இறுதி இயலில் மாந்தர்கள் அவ்வாவிகளின் தலைமையை எதிர்த்துப் போரிட்டு வெல்கின்றனர். இப்போரின் நடுவே எதிர்காலக் காட்சிகள் மின்னுகின்றன. அவற்றுள் ஒன்று, ரெட் 13 என்னும் விலங்கு தன் குட்டிகளோடு ஓடுவது. மூலத்தை முடித்தவர் எவரும் அதனை அறிவர். 1997ஆம் ஆண்டு விளையாட்டின் ஈற்றுக் காட்சி அது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பசுமை மூடிய மித்காரைக் குட்டிகளோடு அவ்விலங்கு நோக்கி நிற்கும் காட்சி. மறுவாக்கமோ இதனை, இன்று தோற்றால் வரப்போகும் நாளை என்று குறிப்பிடுகிறது. முதனூலின் முடிபு ஒரு தோல்வியாகப் பெயர் மாற்றப்பட்டுவிட்டது. இறந்தவனாக அறியப்பட்ட ஜாக் உயிரோடு நடப்பதாகக் காட்டி, அறியப்படாத பயணம் தொடரும் என்று கூறி விளையாட்டு முடிகின்றது.

ஜப்பானிய மரபில் இத்தகைய மாற்றத்திற்கு இடமில்லை என்று கூறிவிட இயலாது. கபுகி நாடக ஆசிரியர்கள் மக்கள் நன்கறிந்த கதையுலகைச் ‘செகாய்’ என்றும், அதில் தாம் புகுத்தும் புதுமையைச் ‘ஷுக்கோ’ என்றும் வழங்கினர். நான்காம் த்சுருயா நன்போகு எழுதிய ‘யோத்சுயா கைதான்’ 1825ஆம் ஆண்டு எதோ நகரில் முதன்முதல் அரங்கேறியபோது, ‘சூஷின்குரா’ என்ற புகழ்பெற்ற நாடகத்தோடு மாற்றி மாற்றி இரு நாள்கள் நடத்தப்பட்டது. விசுவாசத்தைப் போற்றும் கதையின் உலகிலேயே, மனைவிக்குத் துரோகம் செய்த ஒருவனின் பேய்க்கதையை அவர் வைத்தார். இது விகற்பத்தின் உச்சம் எனலாம். ஆனால் ‘சூஷின்குரா’வின் முடிபு அங்கே அழிக்கப்படவில்லை, இரண்டும் ஒரே மேடையில் ஒன்றையொன்று நோக்கி நின்றன. பார்வையாளரின் நினைவு பகையாக்கப்படவில்லை.

மறுவாக்கத்தில் நேர்ந்தது இதற்கு மாறானது. இதில் ஒரு முரணும் உண்டு. மூலத்தை அறியாத ஒருவருக்கு அவ்வாவிகள் யார், எதை மாற்ற முயல்கின்றனர் என்பது விளங்காது. புதிதாக வந்தோர் பலர் ஈற்றியலைக் குழப்பம் என ஒதுக்கியதற்குக் காரணம் இதுவே. விதி மாறுகிறது என உணர, மாறாத விதியை முன்பே அறிந்திருக்க வேண்டும். எனவே, இப்படைப்பு எந்த நினைவைப் பகையாக்கி வெல்கிறதோ அந்த நினைவின்மேல்தான் தன் பொருளையும் நிறுத்தியுள்ளது. துணிவு என்று போற்றியோர் இதனைக் கருதவில்லை.

மாற்றும் உரிமை பற்றியும் ஒரு வாதம் உண்டு. மூலத்தின் இயக்குநர் யோஷினோரி கித்தாசே மறுவாக்கத்தின் தயாரிப்பாளர். மூலத்தில் மாந்தர் உருவங்களை வரைந்த தெத்சுயா நொமுரா மறுவாக்க இயக்குநர்களுள் ஒருவர். கதை எழுதிய கஸுஷிகே நொஜிமாவும் இரண்டிலும் உள்ளார். செய்தவர்களே மாற்றினால் யார் தடுப்பது என்பர். தடுப்பார் இல்லைதான். ஆயினும், வெளியான பின் ஒரு படைப்பு அதனைக் கற்றோர் நினைவிலும் வாழ்கின்றது. ‘ஏரிஸ்’ என்ற பிழைப் பெயரைக் கூடக் காத்துவந்தோர் அவர்கள். ‘பழையது இன்றும் கிடைக்கிறதே, அதனை ஆடுங்கள்’ என்ற மறுமொழியும் அடிக்கடி கூறப்படுகின்றது. அது கிடைப்பது உண்மை. ஆனால் புதியது தனித்து நிற்க முற்பட்டிருந்தால் மட்டுமே அம்மறுமொழி பொருந்தும். அது பழையதை விளித்து, அதனோடு வழக்காடுகிறது. வழக்கிற்கு அழைக்கப்பட்டவர் மறுமொழி கூறுதல் முறைதானே.

இரண்டாம் பகுதியில் ஏரித்தின் இறப்பு

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வெளியான ‘ஃபைனல் ஃபேண்டசி 7 ரீபர்த்’ இவ்வழக்கின் இரண்டாம் கட்டம். ஏரித் இறப்பாளா என்பதே நான்காண்டுகள் விளையாட்டாளரிடையே நிலவிய வினா. விடை இரண்டுமாக அமைந்தது. கிளவுட் தன் வாளால் செஃபிரோத்தின் வாளைத் தடுத்துவிடுகிறான். மறுகணமே குருதி தோய்ந்த காட்சி குறுக்கிடுகிறது. துணைவர்கள் அழுகின்றனர், கிளவுட்டுக்கோ அவள் உயிரோடு தெரிகிறாள், பேசுகிறாள். பிறர் அவளைக் காணவில்லை. இதனை மனம் சிதைந்தவனின் மறுப்பு எனக் கொள்வோரும், இணையுலகம் எனக் கொள்வோரும் உளர். கிளவுட்டின் மனநிலையை உள்ளிருந்து காட்டும் உத்தி என்ற அளவில் முதற்பொருள்கோளுக்கு வலு அதிகம். மூலத்திலும் அவன் நினைவுகள் நம்பத்தகாதவையே.

ஆனால் புதிரை விடுவிப்பதில் ஈடுபட்ட மனம் துக்கத்தில் ஈடுபடுவதில்லை. 1997இல் ஆடியவர்க்கு அவ்விடத்தில் வினா எதுவும் இல்லை. இழப்பு மட்டுமே இருந்தது. ‘ரீபர்த்’ ஆடியவர்கள் அக்காட்சி முடிந்ததும் அதன் பொருள் என்ன என்றே பெரிதும் விவாதித்தனர். அழுததாகக் கூறியவர்களும் அதை விளக்கக் காத்திருந்தனர். முடிபு ஒத்ததா என்பதை மூன்று பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசையின் இறுதிப் பகுதியைக் கொண்டே துணிய வேண்டும். ஒன்றை மட்டும் இப்பொழுதே கூறலாம். கிளவுட் ஏரித்தின் உடலை ஏந்தி நீரில் விடும் காட்சி ‘ரீபர்த்’தில் இல்லை. பதினெட்டு இயல்களில் ஒரு நகரை விரித்துக் காட்டியவர்கள் அடுத்த பகுதியில் தொகுத்துவிட்ட இடம் அது.